செய்தி வாசித்தவர்கள்

செய்தி வாசிக்கும் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதத் தக்கதுதானா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். அரசனுக்கு வரலாறு உண்டு. அவனுடைய சேனாதிபதிக்கும் உண்டு. மாலைப் பொழுதில் கண்ணாடித் திரையில் தோன்றி, பிறர் எழுதிக் கொடுத்த தாளைத் திருத்தமாகப் படித்து, வணக்கம் கூறி மறைந்துவிடும் ஒருவருக்கு என்ன வரலாறு இருக்க முடியும் என்று கேட்கலாம்.

இலங்கையில் வாழும் நாம் அவ்வாறு கேட்பதற்கில்லை. 1989 தொடக்கம் 2009 வரையான இருபது ஆண்டுகளில் இத்தீவின் தொலைக்காட்சித் திரைகளில் முகங்காட்டிய நால்வரின் முடிவை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் சிங்களப் பெண். ஒருவர் சிங்களத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த ஆண்மகன். மற்ற இருவரும் தமிழ்ப் பெண்கள். நால்வரும் கொலையுண்டனர். கொன்றவர்களாகக் குற்றஞ்சாட்டப்படும் தரப்புகளோ ஒன்றல்ல. ஒன்றையொன்று அழிக்கப் புறப்பட்ட தரப்புகள் அவை. தம்முள் எதிலும் உடன்படாத அச்சக்திகள், செய்தி வாசித்தவரின் உயிரைப் பறிப்பதில் மட்டும் எவ்வாறு உடன்பட்டன? இதுவே நம் கேள்வி.

கண்ணாடிப் பெட்டியின் வருகை

இலங்கையில் வானொலி 1925 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தின் படையினருக்காகக் கொழும்பில் வல்லமை மிக்க ஒலிபரப்பு நிலையம் ஒன்று அமைந்தது. யுத்தம் முடிந்தபின் அந்த வசதி இலங்கையின் கைக்கு வந்தது. 1949 இல் 'ரேடியோ சிலோன்' என்ற பெயரும், 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரும் ஏற்பட்டன. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் தேநீர்க் கடைகளிலும் இலங்கை வானொலியின் தமிழ்க் குரல் எவ்வளவு விரும்பிக் கேட்கப்பட்டது என்பதை மூத்த தலைமுறையினர் இன்றும் கூறுவர். படையினருக்காக எழுப்பப்பட்ட கருவி பாமர மக்களின் பாட்டுப் பெட்டியாக மாறியது வரலாற்றின் நல்விளைவுகளுள் ஒன்று.

தொலைக்காட்சியின் கதை வேறு. 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சியை அரசு அதே ஆண்டிலேயே தன்வசப்படுத்திக்கொண்டது. ஜப்பானின் உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டம் அதனை ஒரு கூட்டுத்தாபனமாக்கியது. தீவின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சியில் அதன் கோபுரம் எழுந்தது. திறந்த பொருளாதாரக் கொள்கையுடன் வந்திறங்கிய பொருள்களுள் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒன்று. வாங்க வசதியுள்ளவர் வீட்டு முற்றத்தில் ஊரார் கூடி நின்று பார்த்த காலம் அது.

வானொலியில் குரலுக்கு முகம் இல்லை. தொலைக்காட்சியோ குரலுக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. முகத்துக்கு உரியவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், எந்தக் கடையில் சாமான் வாங்குகிறார் என்பதையும் ஊரறியச் செய்தது. செய்தியை ஆக்குவோரோ மறைவிலேயே இருந்தனர். அமைச்சின் அலுவலகத்தில் ஒருவர் தீர்மானிப்பார். செய்திப் பிரிவில் ஒருவர் எழுதுவார். தமிழ்ச் செய்தியாயின் சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ ஒருவர் பெயர்ப்பார். கடைசியாக ஒருவர் வாசிப்பார். இந்த நீண்ட வரிசையில் அதிகாரம் மிகக் குறைந்தவர் வாசிப்பவரே. ஆயினும் மக்கள் கண்ணுக்குத் தெரிபவர் அவர் ஒருவர்தாம்.

ரூபவாஹினி தொடங்கி ஒன்றரை ஆண்டு கழிவதற்குள் அதற்குப் பெருஞ்சோதனை வந்தது. 1983 ஜூலை இறுதியில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்தன. நாட்கள் சில சென்றபின், ஜூலை 28 இல், ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன அந்தத் திரையில் தோன்றிப் பேசினார். பிரிவினையைத் தடைசெய்யும் சட்டத்தைப் பற்றிப் பேசினார். இறந்த தமிழருக்காக ஒரு சொல்லும் கூறவில்லை. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் காணத்தக்க கருவி ஒன்று கையிலிருந்தும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதற்கு அது பயன்பட்டது. தொலைக்காட்சியின் மௌனமும் ஒரு செய்தியே என்பதைத் தமிழ் மக்கள் அன்று கற்றனர்.

துறைமுகத்தைப் பற்றிய கடிதம்

இங்கு நாம் வாழும் திருகோணமலைக்கு வரவேண்டியிருக்கிறது. இந்த இயற்கைத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிக்கொண்டதைப் பாடப்புத்தகங்கள் கூறும். சீனக்குடாவில் ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்க் குதங்களும், 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியதும் பலரும் அறிந்தவையே. குரலை அனுப்பும் தொழிலிலும் இவ்வூருக்கு ஒரு பங்குண்டு என்பது பலர் நினைவில் இல்லை. 1980களில் ஜேர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்ல இங்கு ஓர் அஞ்சல் நிலையத்தை நடத்தியது. எங்கோ தொலைவில் பேசப்பட்ட சொல்லை வாங்கி ஆசியாவெங்கும் அனுப்புவது அதன் பணி. பின்னாளில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது.

1987 ஜூலை 29 இல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலை இருமுறை வருகிறது. இந்தியாவின் நலனுக்குக் கேடு விளையும் வகையில் இத்துறைமுகத்தை எந்த நாட்டினதும் இராணுவப் பயன்பாட்டுக்குக் கொடுக்கலாகாது என்பது ஒன்று. எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீர்செய்து நடத்தலாம் என்பது மற்றொன்று. அவற்றை அடுத்தே மூன்றாவதாக ஒரு வாசகம் வருகிறது: அந்நிய ஒலிபரப்பு நிறுவனங்களுடன் இலங்கை செய்துள்ள உடன்பாடுகள் மீளாய்வு செய்யப்படும்; அந்நிலையங்கள் பொது ஒலிபரப்புக்கேயன்றி இராணுவத் தேவைக்கோ உளவுக்கோ பயன்படலாகாது என்பது அதன் சாரம். துறைமுகம், எண்ணெய், குரல் ஆகிய மூன்றும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆளும் வர்க்கங்கள் குரலைக் கப்பற்படைத் தளத்துக்கும் எரிபொருளுக்கும் இணையான உடைமையாக எண்ணின என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த ஒப்பந்தம் வடக்கு கிழக்கில் விளைவித்தவற்றை நாம் அறிவோம். தெற்கில் விளைவித்ததை நம்மவர் பலர் அறியார். இந்தியப் படையின் வருகையை எதிர்த்து மக்கள் விடுதலை முன்னணி ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. அதன் ஆயுதப் பிரிவாகக் கருதப்பட்ட தேசபக்த மக்கள் இயக்கத்தின் துண்டுப்பிரசுரம் ஒன்று கடைகளை மூடியது, பேருந்துகளை நிறுத்தியது, பிணப்பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கலாகாது என்றுகூடக் கட்டளையிட்டது. ஒப்பந்தத்தை ஆதரித்த இடதுசாரிகளும் தொழிற்சங்கத்தாரும் கொல்லப்பட்டனர். மக்கள் நேசித்த நடிகரும் இடதுசாரித் தலைவருமான விஜய குமாரதுங்க 1988 பெப்ரவரி 16 இல் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுபுறத்தில் அரசின் படைகளும் பெயரற்ற கொலைக் குழுக்களும் கிராமத்து இளைஞரை ஆயிரக்கணக்கில் அழித்தன. தெருவோரத்தில் எரியும் டயர்களும் ஆற்றில் மிதக்கும் உடல்களும் தெற்கின் அன்றாடக் காட்சிகளாயின.

1989: குரல்கள் மீதான போர்

அரச ஊடகத்தில் பணிபுரிவோர் அரசின் கைக்கூலிகள் என்பது கிளர்ச்சியாளரின் தீர்ப்பு. 1989 ஜூலை 23 இல் ஒலிபரப்புத் துறையின் மூத்த நிர்வாகி தேவிஸ் குருகே கொல்லப்பட்டார். அதே மாதம் 31 ஆம் நாள் பிரேமகீர்த்தி டி அல்விஸ் வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். நூற்றுக்கணக்கான சிங்களப் பாடல்களை எழுதியவர் அவர். வானொலியில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இன்றும் இருக்கிறது. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவும் கொலையுண்டார். அவரைக் கொன்ற கை எது என்பதில் பலவாறான கூற்றுகள் உள. ஒலிவாங்கியின் முன் நின்ற தமிழரும் தப்பவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

1989 செப்டம்பரில் சாகரிகா கோமஸின் முறை வந்தது. ரூபவாஹினியின் செய்தி வாசிப்பாளரான இளம்பெண் அவர். ஆயுதம் தாங்கியோர் அவரை வீட்டிலிருந்து கடத்திச் சென்று கொன்றனர். தேசபக்த மக்கள் இயக்கமே இதனைச் செய்தது என்பது அக்காலந்தொட்டு நிலவும் குற்றச்சாட்டு. அவர் செய்த குற்றம் யாது? ஒரு சட்டத்தை இயற்றினாரா? ஒரு கிராமத்தைக் கொளுத்த ஆணையிட்டாரா? மேசைமேல் வைக்கப்பட்ட தாளை வாசித்தார். அந்தத் தாளை எழுதியவரும் எழுதச் சொன்னவரும் காவலரண்களுக்குப் பின்னால் இருந்தனர். காவலின்றி வீடு திரும்பியவர் அவர். எட்டிய கழுத்தை வெட்டினார்கள்.

இடதுசாரிகளாகிய நாம் இவ்விடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். சாகரிகாவைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்படுவோர் மார்க்சின் பெயரைச் சொல்லி இளைஞரைத் திரட்டியவர்கள். உழைக்கும் பெண் ஒருத்தியின் கூலித்தொழிலையும் அவளை வேலைக்கமர்த்திய ஆட்சியின் கொள்கையையும் பிரித்தறியாதது எந்த வர்க்க ஆய்வு? தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகனைக் கொன்று துரையை வென்றதாகக் கொண்டாடுவதற்கு ஒப்பானது அது. எதிரியை அரசியலால் தோற்கடிக்க இயலாதபோது, அவனுடைய சம்பளக்காரரைச் சுடுவது எளிதாகத் தோன்றுகிறது. அவ்வெளிமை இயக்கத்தையே உள்ளிருந்து அரித்துவிடும் என்பதற்கு 1989 சான்று. அவ்வாண்டு நவம்பரில் ரோஹண விஜேவீர பிடிபட்டுக் கொல்லப்பட்டபோது, அவருடைய கட்சியைக் காக்க மக்கள் தெருவுக்கு வரவில்லை.

வாசித்தவர் எழுதத் தொடங்கினார்

ரிச்சர்ட் டி சொய்சா 1958 மார்ச் 18 இல் கொழும்பில் பிறந்தார். தந்தை லூசியன் டி சொய்சா கிரிக்கெட் வீரர், வர்ணனையாளர், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர். தாய் மனோராணி சரவணமுத்து தமிழர், மருத்துவர். கல்கிசை புனித தோமையார் கல்லூரியில் படித்த ரிச்சர்ட் நாடகத்திலும் விவாதத்திலும் சிறந்து விளங்கினார். ஆங்கிலம் பேசும் மேல்தட்டுக் குடும்பம், நல்ல தோற்றம், கம்பீரமான குரல். ரூபவாஹினி வந்தபோது அதன் ஆங்கிலச் செய்தி வாசிப்பாளருள் ஒருவராக அவர் அறிமுகமானதில் வியப்பில்லை.

1983 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'யுகாந்தய' நாவலைப் படமாக்கினார். சைமன் கபலான என்ற முதலாளியாகக் காமினி பொன்சேகா நடித்தார். இங்கிலாந்தில் படித்துத் திரும்பித் தொழிலாளர் பக்கம் சேர்ந்து தந்தையையே எதிர்க்கும் மகன் மாலினாக நடித்தவர் ரிச்சர்ட். பிறந்த வர்க்கத்தை விட்டு மறுபக்கம் போய் நிற்கும் அந்தப் பாத்திரம் அவருடைய பின்னாள் வாழ்வுக்கு நெருங்கி அமைந்துவிட்டது. அவர் கவிஞருமாவார். 1983 ஜூலை வன்முறையைக் கருவாகக் கொண்ட 'அனிமல் கிராக்கர்ஸ்' என்ற அவருடைய ஆங்கிலக் கவிதை இன்றும் இலக்கிய வகுப்புகளில் பேசப்படுகிறது. திரையில் அரசின் செய்தி சொல்லாமல் விட்டதைக் கவிதையில் சொல்ல முயன்ற மனம் அது.

அந்த மனம் அவரைச் செய்தி வாசிக்கும் நாற்காலியோடு நிற்க விடவில்லை. மூன்றாம் உலக நாடுகளின் கண்ணோட்டத்தில் செய்தி தரும் நோக்குடன் 1964 இல் தோன்றிய இன்டர் பிரஸ் சேர்விஸ் நிறுவனத்தின் கொழும்புச் செய்தியாளரானார். தெற்கில் காணாமற்போகும் இளைஞரைப் பற்றியும் கொலைக் குழுக்களைப் பற்றியும் உலகுக்கு எழுதினார். பிறர் எழுதிய வாக்கியத்தை வாசித்தவர், தம் வாக்கியத்தைத் தாமே எழுதலானார். அவ்வளவே நிகழ்ந்த மாற்றம். அரசுக்கு அது போதுமாயிருந்தது.

1990 பெப்ரவரி 18 இன் அதிகாலையில், இராஜகிரியப் பகுதியில் வெலிக்கடவத்தையிலிருந்த தாயின் வீட்டுக்கு ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் வந்தது. அவர்களுள் சிலர் பொலிஸ் சீருடையில் இருந்தனர். தாயின் கண்முன்னே மகனைப் பிடித்துச் சென்றனர். அவர் வெளிநாட்டுப் பணி ஒன்றுக்காக லிஸ்பன் நகருக்குப் புறப்பட இருந்த நேரம் அது. மறுநாள் மொரட்டுவைக் கடற்கரையில் உடல் கிடைத்தது. சுட்டுக் கொன்றபின் கடலில் எறிந்திருந்தனர். முப்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

தாய் கண்ட முகம்

இதன்பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் நமக்கு வலிமை தரும் பகுதி. மனோராணி சரவணமுத்து வாளாவிருக்கவில்லை. சில மாதங்களின் பின், தொலைக்காட்சித் திரையில் தோன்றிய ஒரு பொலிஸ் உயரதிகாரியின் முகத்தைக் கண்டு, அன்று மகனைக் கொண்டுபோனவர்களுள் ஒருவர் இவரே எனத் துணிந்து கூறினார். மகன் செய்தி வாசித்த திரையே தாய்க்குச் சாட்சி கொடுத்தது. அவர் சுட்டிய அதிகாரி ரொனி குணசிங்க. லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான சட்டத்தரணி பட்டி வீரக்கோன் அத்தாயின் சார்பில் நின்றார். இருவருக்கும் கொலை அச்சுறுத்தல்கள் வந்தன. தாய்க்கு வந்த கடிதத்தின் கருத்து இது: மகனுக்காக அழுதுகொள்; அது தாயின் கடமை; அதற்குமேல் ஓரடி வைத்தால் உன் உயிர் போகும்.

இக்கடிதத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அழுகையை அதிகாரம் அனுமதிக்கிறது. கேள்வியையே அது தடுக்கிறது. பிள்ளையை இழந்த பெண் வீட்டு மூலையில் அழுதுகொண்டிருக்கும் வரை ஆட்சிக்கு இடையூறில்லை. அவள் எழுந்து பெயரைச் சொல்லும்போதுதான் அச்சம் பிறக்கிறது.

மனோராணி எழுந்தார். 1990 ஜூலையில் மாத்தறையில் அன்னையர் முன்னணி உருவாயிற்று. தெற்கின் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை இழந்த ஏழைச் சிங்களத் தாய்மார் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் இந்தத் தமிழ்த் தாய். பெயரும் புதிதன்று. 1984 இல் யாழ்ப்பாணத்தில் கைதுசெய்யப்பட்ட இளைஞருக்காக ஊர்வலம் போன தமிழ்த் தாய்மார் தம் அமைப்புக்கு இட்ட பெயர் அது. மட்டக்களப்பில் 1988 இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த பூபதி அம்மையாரும் அன்னையர் முன்னணியைச் சேர்ந்தவரே. வடக்கில் தோன்றிய பெயர் கிழக்கில் ஒலித்துத் தெற்கில் எதிரொலித்தது. எந்த அஞ்சல் நிலையமும் இல்லாமலே அந்தக் குரல் தீவைச் சுற்றி வந்தது.

நீதி மட்டும் வரவில்லை. வழக்குக்குப் போதிய சான்று இல்லையெனச் சட்டமா அதிபர் தரப்பு கைவிட்டது. ரொனி குணசிங்க 1993 மே முதலாம் நாள் ஜனாதிபதி பிரேமதாசவைக் கொன்ற குண்டுவெடிப்பில் தாமும் இறந்தார். ஆட்சி மாறியபின் மூன்று பொலிஸார்மீது வழக்கு நடந்தது. 2005 நவம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றம் மூவரையும் விடுதலை செய்தது. அதற்கு முன்னரே, 2001 இல், மனோராணி காலமாகிவிட்டார்.

கலை அவர்களை மறக்கவில்லை. 2022 இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலின் நாயகனில் ரிச்சர்டின் சாயல் உண்டு. 2025 இல் அசோக ஹந்தகமவின் 'ராணி' திரைப்படம் அத்தாயின் கதையைத் திரைக்குக் கொணர்ந்தது. நீதிமன்றம் மூடிய ஏட்டைக் கலைஞர் திறந்து வைத்திருப்பது நன்றே. ஆயினும் கலை நீதிக்கு ஈடாகாது.

நம் பக்கத்து இருவர்

மற்ற இரு பெண்களைப் பற்றி எழுதும்போது தமிழ் வாசகரிடையே முகச்சுளிப்பு தோன்றும் என்பதை நாம் அறிவோம். ஒருவரைப் பற்றிப் பேசினால் ஒரு சாராரும், மற்றவரைப் பற்றிப் பேசினால் இன்னொரு சாராரும் எழுந்து போவர். அதனாலேயே இருவரையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

ரேலங்கி செல்வராஜா வானொலியிலும் ரூபவாஹினியிலும் தமிழ் நிகழ்ச்சிகளில் அறியப்பட்டவர், நடிகையுமாவார். விடுதலைப் புலிகளைக் கடுமையாக விமரிசித்த 'இதய வீணை' வானொலி நிகழ்ச்சியில் அவர் பங்கு கொண்டிருந்தார். 2005 ஆகஸ்ட் 12 இல் கொழும்பு பம்பலப்பிட்டியில் அவரும் கணவரும் ஒருங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். சந்தேகம் புலிகள்மீதே சாய்ந்தது. அதே நாள் இரவில் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமரும் சுடப்பட்டு இறந்தார். அமைச்சரின் மரணம் உலகச் செய்தியாயிற்று. தமிழ் ஒலிபரப்பாளப் பெண்ணின் மரணம் அதன் நிழலில் மறைந்தது. விமரிசனத்துக்கு மறுமொழி விமரிசனம்; துப்பாக்கி எக்காலத்தும் மறுமொழி ஆகாது. இதனை அன்று தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை பேர் எழுதினர்?

இசைப்பிரியா என்ற பெயரால் அறியப்பட்டவர் வன்னியில் புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தும் நிகழ்ச்சிகளை வழங்கியும் வந்தார். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது, களத்தில் இறந்த புலி உறுப்பினர் பட்டியலில் இராணுவத் தரப்பு அவர் பெயரைச் சேர்த்தது. 2010 இல் பிரித்தானியாவின் சேனல் 4 ஒளிபரப்பிய படங்களில் அவருடைய உடல் அடையாளம் காணப்பட்டது. 2013 இல் அதே நிறுவனம் வெளியிட்ட மற்றொரு காணொளி அவர் இராணுவத்தினரிடம் உயிருடன் பிடிபட்டதைக் காட்டியது. அரசு அதனை மறுத்தது. இராணுவ நிலை எதனை அவருக்குச் சூட்டினும், பிடிபட்ட ஒருவரைக் கொல்வதை எந்தப் போர்ச் சட்டமும் ஏற்பதில்லை. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

சாகரிகா, ரிச்சர்ட், ரேலங்கி, இசைப்பிரியா. நால்வரின் அரசியலும் ஒன்றல்ல; நால்வரையும் ஒரே தராசில் வைத்து அவர்கள் வாசித்தவையெல்லாம் ஒன்றே என்று கூறவும் நாம் முற்படவில்லை. அரசின் பொய்யும் இயக்கத்தின் பரப்புரையும் ஒடுக்கப்பட்டவனின் உண்மையும் வெவ்வேறு. ஆனால் கொன்ற தரப்புகளின் எண்ணம் ஒன்றே: குரலை அழித்தால் அதன் பின்னாலுள்ள உண்மையோ பொய்யோ அழிந்துவிடும் என்பது. அவ்வெண்ணம் தவறென்று ஒவ்வொரு முறையும் நிறுவப்பட்டது. சாகரிகாவின் நாற்காலியில் மறுவாரம் வேறொருவர் அமர்ந்து அதே அரசின் செய்தியை வாசித்தார். ரிச்சர்டின் மரணத்தின்பின் தெற்கின் படுகொலைகளை உலகம் முன்னைவிடக் கூர்ந்து கவனித்தது. கொலை எதனையும் தீர்க்கவில்லை. அச்சத்தை மட்டும் விதைத்தது.

படம் பிடித்தவர்

அந்த அச்சம் என்ன செய்யும் என்பதைத் திருகோணமலை கண்டது. 2006 ஜனவரி 2 இன் மாலையில், காந்தி சிலையருகே கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த குண்டே வெடித்து இறந்தனர் என்று படைத்தரப்பு கூறியது. அந்தக் கூற்றை மாலைச் செய்தியாக வாசிக்க ஆட்கள் இருந்தனர். 'சுடர் ஒளி' நாளிதழின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன், உடல்களைப் படம் பிடித்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அப்படங்களில் தெளிவாகத் தெரிந்தன. சொல்லப்பட்ட கதை அத்துடன் உடைந்தது. அதே மாதம் 24 ஆம் நாள் காலையில், வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜன் நகரத்துத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் திரையில் தோன்றியவர் அல்லர். ஊரில் சிலரே அவர் முகத்தை அறிவர். செய்தி வாசிப்பவரின் தொழிலுக்கு அடியில் இருக்கும் தொழில் அவருடையது. அவரைப் போன்றவர் இல்லையேல் வாசிப்பவர் கையில் வெறுந்தாளே மிஞ்சும், அல்லது அதிகாரி எழுதிய தாள் மிஞ்சும். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சான்றில்லையென விடுவித்தது. சான்றைத் தந்தவர் மண்ணுக்குள் இருக்கிறார். சான்றில்லையெனச் சட்டம் சொல்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

2024 இல் மக்கள் விடுதலை முன்னணியின் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி ஆட்சிக்கு வந்தது. 2025 மார்ச்சில் பட்டலந்த ஆணைக்குழுவின் அறிக்கை பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. 1988 தொடக்கம் 1990 வரை அரசின் வதைமுகாம் ஒன்றில் அக்கட்சியின் இளைஞர் அடைந்த கொடுமைகளைப் பேசும் அறிக்கை அது. அதனைத் திறந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் தம் பிணங்களை எண்ணுவோர் தம்மவரால் வீழ்ந்த பிணங்களையும் எண்ணக் கடமைப்பட்டவர்கள். பட்டலந்தவைத் திறக்கும் கை, சாகரிகா கோமஸின் ஏட்டையும் திறக்க வேண்டும். இதே நியாயம் நமக்கும் உரியது. இசைப்பிரியாவுக்காக நீதி கேட்கும் தமிழ்ச் சமூகம், ரேலங்கியின் பெயரை உச்சரிக்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளலாகாது.

இரண்டாவது கேள்வி உடைமை பற்றியது. கொழும்பின் அரச ஒலிபரப்பும் ஒளிபரப்பும் இன்றும் ஆட்சியிலிருப்போரின் நியமனங்களாலேயே இயங்குகின்றன. தனியார் அலைவரிசைகள் பெருகியுள்ளன. அவற்றின் உடைமையாளர் செல்வர். மக்களுக்குப் பொறுப்பான, ஆட்சி மாறினும் மாறாத பொது ஒலிபரப்பு ஒன்று வேண்டுமென்ற கோரிக்கை பழையது, இன்னும் நிறைவேறாதது. வாக்கியத்தை எழுதும் உரிமை சிலரிடமே குவிந்திருக்கும் வரை, அதை வாசிப்பவர் முன்னணியில் நிறுத்தப்பட்ட கூலிவீரராகவே இருப்பார்.

மூன்றாவது கேள்வி ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியது. செய்தியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், இதை எழுதியவர் யார், எழுதச் சொன்னவர் யார், இதில் விடுபட்டது எது என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பறையில் வளர்க்க வேண்டும். அக்கேள்விகள் தெரிந்த சமுதாயம் வாசிப்பவர்மீது கல்லெறியாது. எழுதியவரை நோக்கி விரல் நீட்டும். அந்த வேறுபாடு 1989 இல் தெரிந்திருந்தால் ஒரு பெண்ணேனும் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்.

2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும், திருகோணமலையிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் படங்களை ஏந்தி நிற்கின்றனர். பலர் விடை காணாமலே இறந்துவிட்டனர். அவர்களுக்கும் அழ மட்டுமே அனுமதி தரப்பட்டது. அவர்களும் அதை ஏற்க மறுத்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். மனோராணி சரவணமுத்து தொடங்கிய வேலை முடியவில்லை. மாலைச் செய்தியில் அவர்களின் கேள்வி முதற்செய்தியாக வாசிக்கப்படும் நாள் வரவேண்டும். அதனை வாசிப்பவர் அச்சமின்றி வீடு திரும்பவும் வேண்டும்.